82 நாள் யார் பால் கொடுப்பது?

(கோலா தெர்லாவில் தாய்மார்கள், பாட்டிமார்கள் மத்தியில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம். அன்று வர இயலாமல் போனவர்களுக்காகவும், மற்றத் தோட்டப்புறங்களில் உள்ள உறவுகளுக்காகவும் இங்கே தரப்படுகிறது.)



"வக்கீலம்மா, நீங்கள் நிலம் பற்றிப் பேசுவீர்கள், அடையாள அட்டை பற்றிப் பேசுவீர்கள், கோயில் உடைப்பு பற்றிப் பேசுவீர்கள். பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன இருக்கிறது? அதற்குக் கிளினிக்கில் மிஸ்ஸி இருக்கிறார்களே!" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கேட்டது நியாயம்தான். மிஸ்ஸி சொல்வதை நான் திருத்தப் போவதில்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று மிஸ்ஸி சொல்கிறார். நீங்களும் தலையாட்டுகிறீர்கள். பிறகு நூறாவது நாள் விடியற்காலையில் லாரி வந்து நிற்கிறது. நீங்கள் ஏறிப் போகிறீர்கள். பிள்ளை வீட்டில் இருக்கிறது. இந்த இடத்தில் மிஸ்ஸியால் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. இது சட்டத்தின் வேலை, ஆகவேதான் நான் பேசுகிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உலகச் சுகாதார நிறுவனமும் நமது சுகாதார அமைச்சும் சொல்வது ஒன்றுதான். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதுவரை, அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 180 நாள். 1955-ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டம் நமக்குக் கொடுத்த பிரசவ விடுப்பு வெறும் 60 நாள். அதைத் திருத்தி 98 நாளாக ஆக்கியது 2023 ஜனவரி 1 முதல்தான் அமலுக்கு வந்தது. 180-இல் 98 போனால் மீதி 82. இந்த 82 நாளும் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது? இதற்கு நம் சட்டத்தில் பதில் கிடையாது. தனியார் துறையில் வேலை நேரத்தில் பால் கொடுப்பதற்கோ, பாலைப் பீய்ச்சி எடுத்து வைப்பதற்கோ இடைவேளை தர வேண்டும் என்று வேலை வாய்ப்புச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. பிரசவகாலப் பாதுகாப்பு பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 183-ஆம் உடன்படிக்கை அந்த இடைவேளையைத் தருகிறது. மலேசியா அதில் கையெழுத்திடவில்லை.

பட்டணத்தில் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குக் குளிர்பெட்டி இருக்கிறது, தனி அறை இருக்கிறது, பால் எடுக்கும் இயந்திரம் வாங்கக் காசு இருக்கிறது. தேயிலைக் காட்டிலும் காய்கறி கெபுனிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் கூடாரத்தில் தக்காளி அறுத்துக் கொண்டிருக்கும்போது மார்பு கட்டிக்கொண்டு சட்டை நனைகிறது. அதைச் சொல்லக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். பத்து நாளில் பால் வற்றிவிடுகிறது. "எனக்குப் பால் இல்லைங்க" என்று அந்தத் தாய் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார். அம்மா, உங்களுக்குப் பால் இல்லாமல் போகவில்லை. பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்க நேரம் தராதவர்கள் உங்கள் பாலை வற்ற வைத்தார்கள்.

ஒரு காலத்தில் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. இங்கே வயதானவர்கள் பலருக்கு நினைவிருக்கும். நான் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வரிசையாகச் சேலைத் தூளி கட்டியிருக்கும். அம்மா பால் மரம் சீவிவிட்டு, கட்டி எடுப்பதற்கு முன் ஓடி வந்து தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவார். அதைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயாம்மா ஒருவர், பிள்ளைகள் இருபது முப்பது. மூக்கு ஒழுகும், ஈ மொய்க்கும். ஆனால் கொட்டகை வேலைக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. தாயும் பிள்ளையும் ஒரு நாளில் இரண்டு முறையாவது பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் அதை இரக்கத்தால் கட்டிக் கொடுக்கவில்லை. மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக் கோவை தோட்டங்களில் பள்ளிக்கூடமும் பிள்ளைக் காப்பகமும் வைக்க வழி செய்தது. இந்தியாவிலிருந்து ஆள் வர வேண்டும், வந்த பெண்களின் கையும் வேலைக்கு வேண்டும், லயத்தில் பிறக்கும் பிள்ளை நாளைக்குக் கூலியாக வேண்டும். அந்தக் கணக்குதான். இருந்தாலும், எந்தக் கணக்கில் வந்த உரிமையாக இருந்தாலும் வந்தது வந்ததுதான். சுதந்திர மலேசியா அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவுமில்லை. 1990-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது, சட்டம் 446. அதன் தலைப்புரையைப் படித்துப் பாருங்கள்: தொழிலாளர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் குறைந்தபட்ச வீட்டு வசதி, பிள்ளைக் காப்பகம், பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்குதல், சுகாதார மருத்துவ வசதி. இவ்வளவும் அதில் இருக்கிறது! பிள்ளைக் காப்பகம் மட்டுமல்ல, கீரை போட நிலமும் மாட்டுக்கு மேய்ச்சலும் அந்தச் சட்டத்தில் பேசப்பட்டிருக்கின்றன. எத்தனை தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்கள் இதை நமக்குச் சொன்னார்கள்? தோட்டத்தில் மாடு வைத்திருந்த குடும்பங்களை "மாட்டை விற்றுவிடு, இல்லையென்றால் வீட்டைக் காலி செய்" என்று விரட்டியபோது எத்தனை பேர் இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டினார்கள்? அந்த மாடு வெறும் மாடு அல்ல. லயத்துப் பிள்ளைக்குப் பாலும் தயிரும் அங்கிருந்துதான் வந்தன.

பிறகு ஆயாக் கொட்டகை எங்கே போனது? யாரும் அதை ஒரே நாளில் இடிக்கவில்லை. தோட்டங்கள் விற்கப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனையாகவும் மாறின. மிஞ்சிய தோட்டங்களில் குடும்பத்தோடு வாழ்ந்த நம் மக்களின் இடத்தில், பெர்மிட்டில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கொண்டு வரப்பட்டார்கள். அந்தப் பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது, இங்கே கல்யாணம் செய்துகொள்ளவும் முடியாது. ஆகவே கணக்குப்படி தோட்டத்தில் பிள்ளைகளே இல்லை! பிள்ளை இல்லாத தோட்டத்தில் ஆயா எதற்கு? இப்படித்தான் சட்டப் புத்தகத்தில் காப்பகம் இருக்க, தரையில் அது மறைந்தது. அந்த வெளிநாட்டுத் தொழிலாளியின் மேல் நமக்குக் கோபம் வேண்டாம். நம் தாத்தாவைக் கொண்டு வந்த அதே கணக்கில்தான் அவரும் கொண்டு வரப்பட்டிருக்கிறார். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தாத்தா பாட்டியைக் கூட்டி வர விட்டார்கள்.

கேமரன் மலையிலும் கதை அதுவே. 1929-இல் ஹாபுவில் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையின் தேயிலையை நம் கைகள்தான் பறித்தன. இன்று திரிங்காப்பிலிருந்து கோலா தெர்லா வழியாகக் கம்போங் ராஜா வரை சாலையோரம் பாருங்கள், மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரைதான். நம் பெண்கள் பலர் தேயிலையிலிருந்து கெபுன் வேலைக்கு வந்துவிட்டார்கள். சட்டம் 446-இன் தோட்டப் பிரிவுகள் பெரிய தோட்டங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நான்கு ஏக்கர், ஐந்து ஏக்கர் கெபுன் முதலாளியிடம் ஆயாக் கொட்டகை கேட்டால் சிரிப்பார். அவர் ஒருவரிடம் கேட்டால்தானே சிரிப்பார்? அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் டின் பாலைப் பற்றிப் பேசிவிட வேண்டும். இந்த நாட்டில் அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1939-ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு பேச்சுப் பேசினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". மாவுச்சத்து உணவு மட்டும் தின்று உடல் வீங்கிப் போகும் பிள்ளைகளின் நோயை, குவாஷியோர்க்கர் என்ற அதன் ஆப்பிரிக்கப் பெயரோடு மருத்துவ உலகுக்குச் சொன்னவர் அவர்தான். சிங்கப்பூருக்கு வந்தவர் இங்கே வேறொன்றைக் கண்டார். இனிப்பூட்டிய கெட்டிப் பாலை விற்க, தாதி போல உடுத்திய பெண்களைக் கம்பெனிகள் ஏழைத் தாய்மார்களிடம் அனுப்பின. தாய் அதை நம்பித் தன் பாலை நிறுத்தினாள். டின்னிலிருந்து வந்ததில் சர்க்கரை இருந்தது, பிள்ளை வளரத் தேவையானது இல்லை. பிள்ளைகள் செத்தன. கம்பெனிக்காரர்களும் பெரிய மனிதர்களும் உட்கார்ந்திருந்த சபையில் அந்த அம்மா இதைக் கொலை என்றே சொன்னார். பிற்பாடு ஜப்பான்காரன் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டு, போருக்குப் பின் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கே முதல் தலைவரானார். நம்மிடையே எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

அந்தப் போராட்டத்தில் பினாங்குக்கும் பெரிய பங்கு உண்டு. பினாங்கைச் சேர்ந்த அன்வர் பசல் போன்றவர்கள் 1979-இல் பால் மாவுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அனைத்துலக அமைப்பு உருவாகப் பாடுபட்டார்கள். 1981-இல் உலகச் சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்துக்கு எதிரான அனைத்துலக நெறியை ஏற்றுக்கொண்டது. இந்தியா 1992-இல் அதைத் தண்டனை உள்ள சட்டமாகவே ஆக்கியது. நம் நாட்டில் 1979 முதல் ஒரு நெறிமுறை இருக்கிறது, பிறகு திருத்தவும் பட்டது. ஆனால் அது நெறிமுறைதான், நாடாளுமன்றச் சட்டம் அல்ல. மீறினால் கம்பெனிக்காரன் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதில்லை.

அதனால் என்ன நடக்கிறது? தொலைக்காட்சியில் ஓடி ஆடும் புத்திசாலிப் பிள்ளையைக் காட்டி, ஒரு வயதுக்கு மேல் "வளர்ச்சிப் பால் மாவு" கொடுக்காவிட்டால் உன் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். இவ்வகைத் தொடர்நிலைப் பால் மாவு தேவையில்லை என்று உலகச் சுகாதார மாநாடு 1986-லேயே சொல்லிவிட்டது. ஒரு வயதுக்கு மேல் சாதாரணப் பசும்பால் போதும், முட்டை போதும். அந்தப் பெரிய டின்னுக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதத்துக்கு முட்டையும் நெத்திலியும் பருப்பும் வாங்கலாம். சம்பள நாளுக்கு முன் டின் காலியாகிவிடுமே என்று நான்கு கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் வயிறு தண்ணீரால் நிறைகிறது. அழுகை நிற்கிறது. எடை நிற்கிறது.

அதைவிட மோசம் கடையில் "சூசு" என்று கேட்டு வாங்கும் டின். டின்னைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் "கிரிமர் மானிஸ்" என்று இருக்கும். அது பாலே அல்ல. சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த கலவை. தேத்தண்ணியில் நீங்கள் ஊற்றிக் குடியுங்கள், அது உங்கள் விருப்பம். போத்தலில் கலக்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அதேபோல் தே ஓ. தேயிலைக்காட்டு மக்களிடம் இதைச் சொல்வது எனக்கே சங்கடம்தான். ஆனால் சொல்லியாக வேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. பிள்ளைக்குப் போத்தலில் தே ஓ கொடுப்பதும், கர்ப்பிணி சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதும் இரத்தக் குறைவுக்கு வழி. நாம் பறித்த இலைதான், நமக்கே கெடுதல் செய்கிறது.

கைக்குழந்தைக்குப் பால் மாவு கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் சில தாய்மார்கள் இருக்கிறார்கள். நோய் இருக்கலாம், தாயே இல்லாமல் போயிருக்கலாம். அவர்களை யாரும் குற்றவாளிபோல் பார்க்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உரிய பால் மாவை, டின்னில் சொன்ன அளவு குறையாமல், கொதிக்க வைத்த தண்ணீர் நன்றாகச் சூடாக, 70 பாகைக்குக் குறையாமல் இருக்கும்போதே கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுங்கள். மலைத் தண்ணீர் சில்லென்று தெளிவாகத்தான் இருக்கும், அதை நம்பாதீர்கள். மேலே மருந்தடிக்கும் கெபுன் இருக்கிறது. கெபுனில் மருந்தடித்துவிட்டு வரும் அம்மாமார்கள் குளித்துச் சட்டை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். மருந்து வந்த டின்னையும் போத்தலையும் வீட்டுக்கு எடுத்து வரவே வேண்டாம். இதற்காகப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம்.

பாட்டிமார்களிடம் ஒரு வார்த்தை. சீம்பால் கெட்டது என்று சொல்லி முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்ன காலம் போய்விட்டது என்று நினைத்தேன், இன்னும் போகவில்லை. அந்த மஞ்சள் பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பூசி. சேனை வைக்கிறோம் என்று தேன் தடவுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. பிரசவித்தவளுக்குப் பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் மீனையும் நிறுத்திவிட்டு, பிறகு "இவளுக்குப் பால் இல்லை" என்று சொல்வது என்ன நியாயம்? பூண்டும் பால் சுறாவும் கொடுத்தீர்களே, அந்தப் பத்தியம் நல்ல பத்தியம். அதை வைத்துக்கொள்ளுங்கள், பட்டினிப் பத்தியத்தை விடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு நடப்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கேமரன் மலையிலிருந்து நாடு முழுக்கக் காய்கறி போகிறது. அதை அறுப்பவளின் பிள்ளை சோறும் கிச்சாப்பும் சாப்பிடுகிறது! கஞ்சித் தண்ணி கொடுக்கிறோம் என்கிறீர்கள். தண்ணியில் என்ன இருக்கிறது? ஆறு மாதப் பிள்ளையின் வயிறு உங்கள் கைப்பிடி அளவு. அதைத் தண்ணியால் நிரப்பினால் சோற்றுக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். குழைய வேகவைத்த சோறு, பருப்பு, மசித்த கீரை, ஒரு சொட்டு எண்ணெய். உப்புப் போகக் கழுவிக் காய வைத்து இடித்த நெத்திலித் தூள். முட்டை. கோழி ஈரலில் ஒரு துண்டு வாரத்தில் ஒருநாள். இவை எல்லாம் ஆறு மாதம் முடிந்ததும் தொடங்கலாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் நாளுக்கு இன்னும் 200 கலோரி வெளியிலிருந்து வேண்டும். ஒரு வயதுக்கு மேல் அது 550 ஆகிறது. தாய்ப்பாலும் கஞ்சியும் மட்டுமே கொடுத்து ஒரு வயது வரை ஓட்டினால் இரும்புச் சத்துப் போதாது. காய்ச்சல் வரும்போது "சாப்பாட்டை நிறுத்து" என்பதும் தவறு, அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும்.

இதை நான் ஏதோ நம் ஏழைகளின் குறை என்று சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்தில் ஒரு பிள்ளை! கோபுரம் கட்டிய நாட்டில்! யுனிசெப் கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளில் எடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்விலும் 22 விழுக்காடு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகள் 2006-இல் 14.5 விழுக்காடாக இருந்து 2016-இல் 47.1 ஆக உயர்ந்தது உண்மை. மிஸ்ஸிமார்கள் உழைத்த உழைப்பு அது. உயரத்தில் மட்டும் நாடு முன்னேறவில்லை. இலங்கையில் நம் மலையகச் சொந்தங்களைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு அரசு ஆய்வில் உயரம் குன்றிய பிள்ளைகள் நாடு முழுக்க 17.3 விழுக்காடு, தோட்டங்களில் மட்டும் 31.7. அங்கே ஆயாக் கொட்டகைக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர், அது இன்னும் பல தோட்டங்களில் இருக்கிறது. மடுவம் இருந்தும் அந்த நிலை என்றால், கூலி போதவில்லை என்று பொருள். ஆகவே காப்பகம் மட்டும் கிடைத்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

நம் அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கிறது, 1979 முதல் கொடுக்கிறது. நல்லது. ஆனால் அது ஏழு வயதில் தொடங்குகிறது. கருவில் தொடங்கி இரண்டு வயது வரை உள்ள ஆயிரம் நாளில் குறைந்த உயரத்தையும் மூளை வளர்ச்சியையும் ஏழு வயதில் போடும் நாசி லெமாக் பெரும்பாலும் திருப்பித் தராது. அந்தச் சிறு வயதுக்கென்று சுகாதார அமைச்சு 1989 முதல் நடத்தும் ஒரு திட்டம் உண்டு. "புரோகிராம் பெமுலிஹான் கானாக்-கானாக் கெகுராங்கான் சாட் மக்கானான்." பெயரை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சத்துக் குறைந்த ஏழைப் பிள்ளைக்கு, ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை, மாதாமாதம் உணவுக்கூடை. அரிசி, முட்டை, பால் போன்றவை. பிள்ளையின் புத்தகத்தில் எடைக்கோடு கீழே போகிறதா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். போகிறது என்றால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் வராது. சமூகநல இலாகாவின் குழந்தை உதவித் தொகையும் அப்படித்தான்.

இனி வேலைக்கு வருவோம். கெபுனில் தினக்கூலிக்குப் போகிறவர்கள் "எங்களுக்கு எந்தச் சட்டமும் கிடையாது, முதலாளி சொன்னதுதான்" என்கிறீர்கள். அது பொய். 2023 முதல் வேலை வாய்ப்புச் சட்டத்தில் 101C என்ற பிரிவு இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலையை அவர் கட்டளையிட்டு, நேரத்தை அவர் வைத்து, மண்வெட்டியும் கூடையும் அவர் கொடுத்து, சம்பளத்தை அவர் தொடர்ந்து கொடுத்தால், நீங்கள் அவருடைய தொழிலாளி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. தொழிலாளி என்றால் 98 நாள் விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முன் ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அவரிடம் வேலை செய்திருந்து, கடைசி நான்கு மாதத்தில் ஏதாவது ஒரு சமயம் அவர் வேலையில் இருந்திருந்தால் சம்பளத்தோடு உண்டு, ஐந்து பிள்ளை வரை. ஆகவே எந்த நாள் வேலைக்குப் போனீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, கெபுன், கூலி. போதும். அந்த நோட்டு தொழிலாளர் இலாகாவில் சாட்சி.

கர்ப்பம் என்று தெரிந்ததும் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னால் அது 41A பிரிவின்படி குற்றம். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்ய 60 நாள்தான் அவகாசம். பிள்ளை பிறந்து, முப்பதுக்கு மேலான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கதவு மூடிவிடும். என்னிடம் வந்த ஒரு பெண் 74-ஆம் நாள் வந்தார். கெபுன் பெயரைச் சொல்லவில்லை. சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது, ஆனால் நாள் இல்லை. 60P பிரிவின்படி வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கேளுங்கள். மறுக்கலாம். ஆனால் பத்துப் பெண்கள் பத்துக் கடிதம் கொடுத்து, பத்தும் மறுக்கப்பட்டால், அது ஓர் ஆவணம். அதை நான் எடுத்துக்கொண்டு அமைச்சுக்குப் போக முடியும்.

இப்போது கெபுன் முதலாளி சிரித்ததற்கு வருவோம். தனித்தனி கெபுனில் காப்பகம் முடியாது, சரி. ஊருக்கு ஒன்று முடியும். 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூகநல இலாகாவில் பதிந்து, நம் பெண்கள் இருவர் மூவர் பயிற்சி எடுத்து, கோலா தெர்லாவுக்கென்று ஒரு தஸ்கா நடத்தலாம். கெபுன்கள் சேர்ந்து வாடகை தரட்டும், மாவட்ட நிர்வாகம் இடம் தரட்டும். தாய் எடுத்து வைத்துவிட்டுப் போகும் பாலை அங்கே பத்திரப்படுத்தலாம். கையால் பீய்ச்சி, கொதிக்க வைத்த மூடியுள்ள கிண்ணத்தில் வைத்தால் வெளியில் நான்கு மணி நேரம், குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும். இதை உதவியாகக் கேட்காதீர்கள். 2006 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், உணவு உரிமை வழக்கில் ஓர் உத்தரவு போட்டது: 40 சிறு பிள்ளைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நம் அரசியலமைப்பில் அப்படி ஒரு வழக்கை நடத்துவது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மலேசியா 1995-இல் குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் 24-ஆம் விதி பிள்ளைக்குச் சத்துணவும் தாய்க்குத் தாய்ப்பால் பற்றிய ஆதரவும் அரசின் கடமை என்கிறது. அந்த விதிக்கு மலேசியா ஆட்சேபம் எதுவும் வைக்கவில்லை. ஆட்சேபம் வைத்தது எதற்கு என்றால், பாகுபாடு கூடாது என்ற 2-ஆம் விதிக்கும், பிறந்த பிள்ளைக்குப் பெயரும் குடியுரிமையும் வேண்டும் என்ற 7-ஆம் விதிக்கும்! சாப்பாடு தருவேன், ஆனால் நீ யார் என்று பார்த்துத் தருவேன் என்று அதற்குப் பொருள்.

அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதல் பதிவு இல்லாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் நீல அட்டை வைத்திருந்தாலும் பயனில்லை, தாயின் குடியுரிமைதான் செல்லும். தாய்க்கு அட்டையே இல்லாமல் இருந்தால் பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். நாடற்ற பிள்ளைக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநாட்டுக்காரர் கட்டணம். கட்டணத்துக்குப் பயந்து தாய் கிளினிக்குக்கே போவதில்லை. போகாததால் எடைக்கோடு இல்லை, உணவுக்கூடை இல்லை, சில சமயம் தடுப்பூசியும் இல்லை. ஒரு கையெழுத்து போடாத பாவத்துக்குப் பிள்ளை பசியில் தண்டனை அனுபவிக்கிறது. பக்கத்து மலையில் போஸ் தெரிசுவில் செமாய் மக்கள் இருக்கிறார்கள். மண்ணின் மைந்தர்கள் என்று பெயர், அவர்கள் பிள்ளைகளின் நிலையும் நம்முடையதைவிட நன்றாக இல்லை. 2019-இல் கிளாந்தான் கோலா கோவில் பாத்தேக் மக்கள் தட்டம்மையில் செத்ததை நினைத்துப் பாருங்கள். தஸ்கா கேட்கும்போது அவர்களையும் சேர்த்தே கேட்போம்.

இம்மாதக் கடைசி ஞாயிறு மறுபடி வருகிறேன். வரும்போது பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்து வாருங்கள், எடைக்கோட்டைச் சேர்ந்து பார்ப்போம். பிறப்பைப் பதிய 60 நாள்; அதைத் தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தாமதப் பதிவுக்கு மனு நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். மருத்துவமனையில் கொடுத்த பிறப்புச் சீட்டு, தாய் தகப்பன் அட்டை நகல், பிள்ளை பிறந்ததைப் பார்த்த இரண்டு பேர் வேண்டும். திருமணம் பதியாதவர்கள் கணவரையும் கூட்டி வாருங்கள். வரமாட்டேன் என்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கோலா தெர்லாவில் எத்தனை பேர் என்ற கணக்கு எந்த இலாகாவிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கடைத்தெருப் பக்கத்து வீடுகளை இரண்டு தங்கைமார்கள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மேல் கெபுன் பக்கம் எண்ண இன்னும் ஆள் வேண்டும்.